எங்கே காட்டுவது? கோயில் வாசலும் மனநலப் பிரிவும்

சேலத்தில் ஒரு வீட்டில் யாருக்காவது மனம் சரியில்லாமல் போனால், உறவினர்கள் கூடியதும் எழும் முதல் கேள்வி “எங்கே காட்டலாம்?” என்பதுதான். மருத்துவரிடம் அழைத்துப்போவதற்கும் இந்தச் சொல்லைத்தான் சொல்கிறோம். குறி சொல்கிறவரிடமோ, ஜெபம் செய்கிறவரிடமோ, தர்காவில் ஓதிப் பார்க்கிறவரிடமோ அழைத்துப்போவதற்கும் இதே சொல்தான். போன தை மாதம் சேர்வராயன் மலையிலிருந்து, காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் தெரிந்தவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய பத்தொன்பது வயது மகள் மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, யாருடனும் பேசவில்லை. “அண்ணா, இங்கயே மலைல காட்டட்டுங்களா, இல்ல கீழ கூட்டிட்டு வரட்டுங்களா?” என்று கேட்டார். மலை என்றால் ஊர்ப் பூசாரி, கீழே என்றால் சேலம் அரசு மருத்துவமனை. நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அன்று அவரிடம் அவசரத்தில் சொன்னதை இப்போது நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

இதைப் பற்றிப் பேச எனக்கு மருத்துவப் படிப்பு எதுவும் இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பாவின் மகனுக்கு இருபத்து நான்கு வயதில் நோய் கண்டது. பக்கத்துப் பட்டறையில் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான், இரவெல்லாம் விழித்திருந்தான், பிறகு யாரும் இல்லாத அறையில் பதில் சொல்லத் தொடங்கினான். அவனுடன் ஏழு ஆண்டுகளாக எல்லா வாசல்களிலும் நின்றிருக்கிறேன். எங்கள் குடும்பம் எதையும் விட்டுவைக்கவில்லை என்பதால், ஒவ்வொன்றிலும் கிடைப்பது என்ன, கிடைக்காதது என்ன என்று ஓரளவு ஒப்பிட்டுச் சொல்ல முடியும்.

ஒப்பீட்டுக்கு முன், ஒப்பீட்டுக்கே இடமில்லாத ஒரு நிலையைச் சொல்லிவிட வேண்டும். சம்பந்தப்பட்டவர் சாவைப் பற்றிப் பேசினாலோ, “நான் இல்லாட்டி எல்லாரும் நல்லா இருப்பீங்க” என்பது போலச் சொன்னாலோ, தன் பொருள்களை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினாலோ, முன்பு ஒருமுறை முயன்று பிழைத்தவராக இருந்தாலோ, அன்றைக்கு வேறு வழி எதையும் யோசிக்க வேண்டியதில்லை, மருத்துவமனைதான். அதுவரை அவரைத் தனியே விடக்கூடாது. தோட்டத்து வீடுகளில் பூச்சிமருந்தைக் கட்டிலுக்கடியில் வைக்கும் பழக்கம் இருக்கிறது. அதை அன்றே வீட்டை விட்டு அகற்ற வேண்டும். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்த பிறகு தற்கொலை விகிதம் 1990களின் நடுவில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது என்பதை நினைத்தால், இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். நடு இரவில் யாரைக் கேட்பது என்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணையோ (அரசின் மனநல உதவி எண்), 104 என்ற சுகாதார உதவி எண்ணையோ அழைக்கலாம். இரண்டிலும் தமிழில் பேசுவார்கள். இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்றப் பதிவு ஆவணக் காப்பகம் கணக்கிட்டது. அதில் தமிழ்நாட்டினர் 19,834 பேர். “பூசைக்கு நாள் குறிச்சாச்சு, அதுவரைக்கும் பாப்போம்” என்று காத்திருக்கக்கூடிய காரியமாக எனக்கு இது படவில்லை.

அந்த அபாயம் இல்லை என்று தெரிந்த பிறகே மற்ற வாசல்களைப் பேசலாம். பெரும்பாலான வீடுகளில் முதல் வாசல் குறி. சித்தியும் அவனை அங்கேதான் முதலில் அழைத்துப்போனார். பூ போட்டுக் கேட்டார்கள், சிவப்பு வந்தது, செய்வினை என்றார்கள். நாம் சிரிப்பது எளிது. ஆனால் அன்றைக்கு அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது ஒரு பெயர். “உன் மகன் கெட்டவன் இல்லை, வெளியிலிருந்து ஒன்று வந்து பிடித்திருக்கிறது” என்று சொன்னதும் சித்தியின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். அதுவரை அவனைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்த சித்தப்பா அன்றோடு திட்டுவதை நிறுத்தினார். இது சிறிய நன்மை இல்லை. கெடுதல் அடுத்த வாரம் வந்தது: செய்வினை என்றால் செய்தவர் ஒருவர் வேண்டுமே. பழி பங்காளி வீட்டின் மேல் விழுந்தது. இன்றுவரை அந்த இரண்டு வீடுகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பரிகாரத்துக்காகச் செய்த செலவு ஒரு மாதத்தில் பட்டறையின் வெள்ளி முதலைத் தொட்டுவிட்டது.

இதில் எனக்கு உறுத்துவது வேறொன்று. சங்கப் பாடல்களில் வெறியாட்டு என்றொரு துறை உண்டு. மகள் மெலிந்து வாடுவதைக் கண்ட தாய் முருகன் பூசாரியான வேலனை அழைப்பாள், அவன் குறி பார்க்கும் கழங்குக் காய்களைப் போட்டு, முருகன் அணங்கினான் என்பான், ஆட்டை அறுப்பார்கள். உண்மைக் காரணம் காதல் என்பது தோழிக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் அவள் ஒருத்திதான் அந்தப் பெண்ணிடம் பேசியிருப்பாள். இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்தும் குறி கேட்கும் கூடத்தில் கேள்வி எல்லாம் அம்மாவிடமும் அப்பாவிடமுமே போகிறது. என் தம்பி அங்கே ஒரு வாய் திறக்கவில்லை; அவனை யாரும் கேட்கவும் இல்லை. எந்த வாசலுக்குப் போனாலும் நான் முதலில் கவனிப்பது இதைத்தான்: நோயுற்றவரிடம் நேராகப் பேசுகிறார்களா, அல்லது அவர் தலைக்கு மேலே பேசுகிறார்களா?

இரண்டாவது வழி, புனிதத் தலத்தில் தங்கவைப்பது. இதைக் குறி கேட்பதோடு சேர்த்துப் பார்ப்பது தவறு. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரிலுள்ள முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த மனநோயாளிகள் 31 பேரைப் பெங்களூரைச் சேர்ந்த மனநல மருத்துவர்கள் ஆராய்ந்து, 2002ஆம் ஆண்டு ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். பெரும்பாலானவர்களுக்கு மனச்சிதைவு நோய். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். மருந்து கிடையாது, தனிச் சடங்கும் கிடையாது. காலைப் பூசையில் கலந்துகொள்வது, கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, வீட்டார் ஒருவர் கூடவே இருப்பது, இவ்வளவுதான். அறிகுறிகளின் கடுமை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பல மருந்துகள் தரும் முன்னேற்றத்துக்கு இது நிகர் என்று அந்த மருத்துவர்களே எழுதினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மறு குழு இல்லாத சிறிய ஆய்வு என்பதால் இதை வைத்துக்கொண்டு மாத்திரை வேண்டாம் என்று யாரும் வாதாட முடியாது. ஆனால், அடியும் அதட்டலும் இல்லாமல், சத்தமில்லாத ஓரிடத்தில், ஒரு சிறு வேலையும் சொந்தக்காரர் ஒருவரும் உடனிருக்கத் தங்குவதற்கே குணப்படுத்தும் வலு உண்டு என்பதை மறுக்கவும் முடியாது.

இதே வழியின் மறுபக்கம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் தர்காவை ஒட்டி நடந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். தலத்தின் மேல் இருந்த நம்பிக்கையை நம்பி வாடகைக்குக் கொட்டகை போட்டவர்கள் நடத்திய இடம் அது. இன்றைக்கு 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. ஏர்வாடியில் ‘தவா–துவா’ என்ற பெயரில் மருந்தையும் பிரார்த்தனையையும் சேர்த்துக் கொடுக்கும் அரசு ஏற்பாடு வந்தது. திருச்சி மாவட்டத்துக் குணசீலத்தில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கும் பழைய வழக்கம் தொடர்கிறது. அங்கே உரிமம் பெற்ற மறுவாழ்வு மையமும் இருக்கிறது. தங்கவைக்க நினைக்கிறவர்கள் கேட்க வேண்டியவை: உரிமம் இருக்கிறதா, கதவு உள்ளிருந்து திறக்குமா, வீட்டார் கூடத் தங்கலாமா, மனநல மருத்துவர் வருகிறாரா. இதில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் அடுத்த பேருந்தில் திரும்பிவிடலாம்.

மூன்றாவது, ஜெபமும் ஓதுதலும். எங்கள் தெருவில் மதம் பார்த்து யாரும் இதற்குப் போவதில்லை. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வீட்டார் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஓதிய தண்ணீர் வாங்குவார்கள், ஞாயிற்றுக்கிழமை உபவாச ஜெபத்துக்கும் போவார்கள். எனக்கு உண்மையான கோபம் உள்ள இடமும் இங்கேதான் இருக்கிறது. மருந்து தொடங்கி எட்டாவது மாதம், தம்பி ஓரளவு தெளிந்து பட்டறைக்கு வரத் தொடங்கியிருந்தான். ஆனால் கை நடுங்கியது. கொலுசில் அரும்பு வைத்துப் பற்றவைக்கிற வேலை நடுங்கும் கைக்கு ஒத்துவராது. சிமிட்டா இடுக்கியில் எடுக்கும் அரும்பு ஒவ்வொன்றாகத் தரையில் தெறித்து விழும், அவன் குனிந்து பொறுக்குவான். அந்த நேரத்தில்தான் ஒரு ஜெபக்கூடத்தில், “விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு, இரண்டு எஜமானுக்கு ஊழியம் செய்ய முடியுமா?” என்று கேட்டார்கள். மாத்திரைப் பட்டையை மேடையில் வைத்துவிட்டு வந்தான். கை நடுக்கம் பத்து நாளில் நின்றது, அற்புதம் என்றார்கள். ஆறாவது வாரம் குரல்கள் திரும்பி வந்தன, இந்த முறை அவனைச் சாகச் சொல்லிக்கொண்டு. அந்த இரவை எப்படிக் கடந்தோம் என்பதை எழுத எனக்கு மனமில்லை. பிழைத்தான்.

அந்த ஜெபக்கூடம் சொன்னதை அந்த மதத்தின் மேல் ஏற்றக் கூடாது. கத்தோலிக்கத் திருச்சபையில் பேயோட்டும் சடங்கை ஆயரின் அனுமதியில்லாமல் ஒரு குருவானவர் நடத்த முடியாது. 1999ஆம் ஆண்டு திருத்தப்பட்ட சடங்கு நூல், முதலில் நோயா என்று பார்த்துத் தெளிய வேண்டும் என்கிறது. இஸ்லாத்தில், எந்த நோயையும் மருந்தில்லாமல் இறைவன் இறக்கவில்லை, ஆகவே மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்ற நபிமொழி ஊரறிந்தது. புத்தி தெளியும்வரை பித்துப் பிடித்தவர் மீது எதையும் எழுதுவதில்லை என்பதும் நபிமொழிதான். என் அனுபவத்தில் இதே பாடத்தைச் சொன்னவர் சேர்வராயன் மலைக் கிராமம் ஒன்றில் ஒரு வயதான பூசாரி. தம்பி கையில் கயிறு கட்டிவிட்டு, “மாத்திரைய நிறுத்தினா சாமிக்குக் கோபம் வரும், அஞ்சு வெள்ளிக்கெழம வந்து எங்கிட்ட பட்டையக் காட்டு” என்றார். அவன் ஐந்து வெள்ளிக்கிழமையும் மலையேறிப்போய்க் காலிப் பட்டையைக் காட்டினான். மருத்துவமனையில் எந்த ஆலோசகர் சொல்லியும் கேட்காதவன், அவர் சொல்லைத் தட்டவில்லை. நம்பிக்கைக்குப் போகும் இடங்களை நான் தரம் பிரிப்பது இந்த ஒரு கேள்வியால்தான்: மற்ற வாசலை மூடு என்று சொல்கிறதா? சொன்னால், சாமி எதுவானாலும், திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும்.

மருத்துவத்துக்கு வருகிறேன். மனச்சிதைவு, இருதுருவ நோய், கடும் மனச்சோர்வு ஆகியவற்றுக்கு மருந்து வேலை செய்கிறது. குறிப்பாக முதல் தாக்குதலில் சீக்கிரம் தொடங்கினால் பின்னாளைய நிலை மேம்படுகிறது. பரிகாரங்களில் நாங்கள் தொலைத்த ஐந்து மாதங்களை எண்ணும்போது எனக்கு வலிப்பது அதனால்தான். ஆனால் மருந்தைப் பற்றி வீட்டுக்கு யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் பிடிக்கும். மூன்றாம் நாளே “ஒண்ணும் கேக்கல” என்று விட்டுவிடுகிறார்கள். தெளிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும், தெளிந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். எல்லா மாத்திரைக்கும் ‘தூக்க மாத்திரை’ என்று ஒரே பெயர் வைத்திருக்கிறோம். தம்பியின் கை நடுக்கம் மருந்தின் பக்க விளைவு, அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ சரிசெய்யக்கூடியது. இதை ஒரு வரியில் அவனிடம் யாராவது சொல்லியிருந்தால் அவன் பட்டையை மேடையில் வைத்திருக்க மாட்டான். முதலில் பார்த்த தனியார் மருத்துவரிடம் மூன்று நிமிடத்துக்கு மேல் பேச முடிந்ததில்லை. அங்கேயும் அவன் தலைக்கு மேலேதான் பேச்சு நடந்தது. பிறகு சென்ற சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் கூட்டம் அதிகம், மாத்திரை இலவசம். வரிசையில் நிற்பது ஒரு நாள் கூலியைத் தின்றுவிடும் என்பது உண்மைதான், ஆனால் அங்கே ஒரு இளம் மருத்துவர், “என்ன வேலப்பா பாக்குற?” என்று அவனிடமே கேட்டார். கொலுசு என்றதும் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். மருந்து மாறியது, நடுக்கம் குறைந்தது.

மருத்துவமனைக்குப் போகத் தயங்குவதற்குக் காவல்துறைப் பயமும் ஒரு காரணம். தற்கொலைக்கு முயன்றவரை அழைத்து வரும் வீட்டார், “தெரியாம சாப்பிட்டுட்டாங்க” என்று பொய் சொல்வதை அவசரப் பிரிவு வாசலில் காதால் கேட்டிருக்கிறேன். அந்தப் பொய்யால் அவரை மனநல மருத்துவர் பார்க்காமலே வீட்டுக்கு அனுப்பிவிடும் ஆபத்து இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்துவதற்காக முயல்வது மட்டும் தனிக் குற்றம். ஆகவே உண்மையைச் சொல்லலாம்.

பிழைத்து வந்தவருக்கு அடுத்த ஒன்றரை ஆண்டில் எது உதவுகிறது என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. சென்னையும் அதில் ஓர் இடம். 1,867 பேர். ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும், மறு பாதியினருடன் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ “எப்படி இருக்கீங்க?” என்று விசாரித்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் பின்னர் தற்கொலையால் இறந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். 2008இல் வெளியான இந்த முடிவைப் படித்தபோது எனக்கு அந்தப் பூசாரியின் ஐந்து வெள்ளிக்கிழமைதான் நினைவுக்கு வந்தது. மாதம் ஒருமுறை ஒருவரைத் தேடிப்போய் விசாரிப்பது கூட்டம் நெரியும் அரசு மருத்துவமனையைவிட ஒரு கோயிலுக்கோ பங்குக் கோயிலுக்கோ ஜமாத்துக்கோ எளிது. அவர்கள் மருந்து கொடுக்க வேண்டாம்; பேயை ஓட்டவும் வேண்டாம். சாவைப் பற்றி நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படுகிறோம். அப்படி ஆவதில்லை என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. கேட்டால் பெரும்பாலும் அவர்களுக்குப் பாரம் இறங்குகிறது.

எல்லாம் கைமீறி ஒரு சாவு நடந்துவிட்ட வீட்டில், மருத்துவத்துக்கு அனேகமாக வேலையில்லை. பிணக்கூறாய்வு முடிந்ததும் அது விலகிக்கொள்கிறது. அதற்குப் பின் எல்லாம் நம்பிக்கையின் கையில்தான். நம் பக்கத்தில் அகால மரணம் என்று சொல்லிச் சடங்கைச் சுருக்குவதும், ஆவி அலையும் என்று பதினாறாம் நாளுக்கு முன்பே அந்த வீட்டை ஒதுக்குவதும் நடக்கிறது. கத்தோலிக்கர்களின் 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் இப்படி இறந்தவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. 1992இல் வந்த மறைக்கல்வி நூல், கடும் மனக்கலக்கம் பொறுப்பைக் குறைக்கிறது என்றும் அவர்களுடைய மீட்பில் நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும் சொல்கிறது. தற்கொலையை இஸ்லாம் பெரும் பாவமாகவே கருதுகிறது; ஆனாலும் இறந்தவருக்கு ஜனாஸா என்னும் இறுதித் தொழுகை உண்டு என்பதே பெரும்பாலான அறிஞர்களின் நிலை. விதிகள் இளகிய அளவுக்குத் தெரு இளகவில்லை. பதினாறாம் நாள் பந்தியில் பத்து இலைதான் விழுந்தது என்பதை அந்தத் தாய் வாழ்நாள் முழுவதும் எண்ணிக்கொண்டிருப்பாள். இந்த ஒரு விஷயத்தில் கோயிலுக்கு மாற்றாக மருத்துவமனையால் எதுவும் தர முடியாது.

மலையிலிருந்து அழைத்தவரிடம் நான் முதலில் கேட்டது, “பாப்பா என்ன சொல்லுது?” என்பதுதான். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, கேட்கவில்லை என்றார். போனை மகளிடம் கொடுக்கச் சொன்னேன். சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேட்டேன். சில நாள் தோன்றியது, இப்போது இல்லை என்றாள். அப்பாவிடம் சொல்லலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுச் சொன்னேன். வீட்டில் பூச்சிமருந்து டப்பா எதுவும் இருக்கக் கூடாது, இரவில் அம்மா பக்கத்தில் படுக்க வேண்டும், காலையில் முதல் பேருந்தில் கீழே வந்துவிட வேண்டும், வெள்ளிக்கிழமை பூசாரியிடம் தாராளமாகப் போகலாம் என்றேன். மறுநாள் மூன்று பேரும் வந்தார்கள். புறநோயாளிச் சீட்டு வாங்கி வரிசையில் நின்றபோது அந்த அம்மாள் முந்தானையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து மகள் நெற்றியில் இட்டுவிட்டு, “டாக்டர் ஏதாவது சொல்லுவாருங்களா?” என்று என்னைக் கேட்டார். பின்னால் நின்றிருந்த பர்தா அணிந்த பாட்டி, “ஒண்ணும் சொல்லமாட்டாரும்மா, எனக்கும் ஓதி ஊதித்தான் விட்டாங்க” என்று தன் கழுத்துத் தாயத்தைத் தொட்டுக் காட்டினார். உள்ளே அந்தப் பெண் இருபது நிமிடம் தனியாகப் பேசினாள். மாத்திரைக் கவரையும் மறுபடி வர வேண்டிய தேதியையும் வாங்கிக்கொண்டு அவர்கள் மாலைப் பேருந்தில் மலையேறினார்கள். வெள்ளிக்கிழமை பூசைக்கு நேரமிருந்தது.